இலையின் அகத்தே வாழும் பூஞ்சணங்கள்

திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்குச் செல்லும் பெருவழியில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது விராலிமலை. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், குன்றின்மீதுள்ள முருகன் கோயிலாலும், குன்றைச் சூழ்ந்த புதர்களில் உலவும் மயிற்கூட்டங்களாலும் பலர்க்கும் அறிமுகமானது. விராலிமலைக் குறவஞ்சி என்னும் நாடகத்தாலும் தமிழ் பயில்வோர் இதன் பெயரை அறிவர். ஆயின், அப்பெயரின் முற்பகுதியாகிய விராலி என்பது ஒரு செடியின் பெயரென்பதை அறிந்தோர் சிலரே. அச்செடி அம்மலையில் மிக்கு வளர்ந்தமையால் மலைக்கு அப்பெயர் வந்ததென்பர். மயிலைக் காண வருவோர் பல்லாயிரவர்; விராலியைக் காண நிற்பாரை யான் கண்டிலேன்.

விராலி ஆளுயரத்திற்கு மேலும் வளரவல்ல புதர்ச்செடி. இதன் இலை பிசின் பூசினாற்போலப் பளபளத்து, தொட்ட விரலில் ஒட்டும் இயல்புடையது. காய்கள் மெல்லிய தாள்போன்ற சிறகுகளையுடையனவாய், முதிருங்கால் செந்நிறமேறித் தோன்றும். பூவந்திக்கொட்டை மரத்தின் குடும்பத்தில் இதனைச் சேர்த்துள்ள மேனாட்டுத் தாவர நூலார், டோடோனேயா விஸ்கோசா என்று இதற்குப் பெயரிட்டனர். முற்சொல் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டோடோயன்ஸ் என்னும் அறிஞரின் நினைவாக இடப்பட்டது. பிற்சொல் பிசுபிசுப்புடையது என்னும் பொருட்டு. ஆடுமாடுகள் இதனை விரும்பிக் கடிப்பதில்லை. ஆதலின் வேலிக்கு உகந்தது. நம் நாட்டு வைத்தியர்கள் சுளுக்கு, வீக்கம், எலும்பு முறிவு முதலியவற்றிற்கு இதன் இலையை வைத்துக் கட்டுவது நெடுநாளைய வழக்கம்.

ஓர் இலையை மருந்தென்று கூறும்போது அதன் குணம் முழுவதும் இலைக்கே உரியதென்று நாம் எளிதாகக் கொண்டுவிடுகின்றோம். வேம்பு கசக்கிறது, கசப்பு வேம்பினுடையது. துளசி மணக்கிறது; மணம் துளசியினுடையது. இதில் ஐயமென்னை? ஆயின் இக்காலத்துத் தாவர நூலார் இவ்விடத்தே ஓர் ஐயத்தை எழுப்பியுள்ளனர். பச்சையிலை ஒன்றன் அகத்தே இலையல்லாத வேறு சில உயிர்களும் குடியிருக்கின்றன. அவை தாமே நஞ்சும் மருந்தும் சமைக்க வல்லன. அங்ஙனமாயின், ஓர் இலையின் குணத்தில் எத்துணைப் பங்கு இலையினுடையது, எத்துணைப் பங்கு அதன் குடிவாழ்நருடையது என்பதே அவ்வையம். இதனை இயன்றவரை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். தாவர நூலை முறையாகப் பயிலாத தமிழ் மாணவன் இதனை எழுதத் துணிந்தது பிற துறை நண்பர்கட்கு வியப்பாக இருக்கலாம். அகம், புறம் என்னும் பாகுபாட்டிலே பழகிய நமக்கு இது முற்றும் அயலான பொருளன்று என்பதே யான் கூறும் விடை.

மழைக்காலத்தில் பழைய சோற்றிலும், தோற்செருப்பிலும், ஊறுகாயின் மேலும் படர்வதைப் பூசணம் என்றும் பூஞ்சணம் என்றும் வழங்குகின்றோம். குப்பைமேட்டிற் குடைவிரிக்கும் காளானும் இவ்வினத்ததே. பச்சையம் இன்மையால் இவை தம் உணவைத் தாமே சமைக்கவல்லன அல்ல. உயிருள்ள பொருளையோ உயிரற்ற பொருளையோ சார்ந்தே வாழவேண்டும். மயிரினும் நுண்ணிய இழைகளாக நீண்டு, தாம் படர்ந்த பொருளைக் கரைத்து உறிஞ்சி வளர்கின்றன. பயிர் நோய்களிற் பெரும்பாலானவற்றிற்கு இவையே காரணமாதலால், செடியினுள்ளே பூஞ்சணம் என்றவுடன் நோய் என்னும் எண்ணமே முன்னிற்கும். ஆயின் நோயின் குறி எதுவும் இல்லாத, தளதளவென்று செழித்த இலையினுள்ளும் பூஞ்சண இழைகள் உள்ளன. இவற்றை மேனாட்டார் எண்டோபைட் என்பர். அகவாழ் பூஞ்சணம் என்று நாம் வழங்கலாம். இலையின் மேற்புறத்தே தூசியோடு தூசியாய்க் கிடப்பன புறவாழ்வன. தோலைக் கடந்து உள்ளே குடிபுகுந்தன அகவாழ்வன. இதுவரை ஆராயப்பட்ட செடிகளுள் இவை இல்லாத செடி காண்டல் அரிது. பனாமா நாட்டின் காடொன்றில் இருவகை மரங்களினின்று பறித்த 83 இலைகளை ஆராய்ந்த அறிஞர், அவற்றினுள் 418 வகைப் பூஞ்சணங்களைப் பிரித்தெடுத்ததாக 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இரண்டே மரவகைகள் என்பதைப் படிப்போர் மறந்துவிடற்க.

செடியினுள் வாழும் இவ்வுயிர்களுக்கு 1866-ஆம் ஆண்டில் இப்பெயரை வழங்கியவர் ஜெர்மானிய அறிஞராகிய டி பாரி என்பவர். பொருள் மட்டும் அதனினும் மிகப் பழையது. மத்தேயு சுவிசேஷம் 13-ஆம் அதிகாரத்தில், கோதுமை வயலில் பகைவன் களை விதைத்துச் சென்ற உவமை வருவதை யாவரும் அறிவர். அக்களை கோதுமையின் உருவை ஒத்து, கதிர் ஈனுமளவும் வேறு பிரித்தறிய ஒண்ணாததாகிய டார்னெல் என்னும் புல் என்பது உரையாசிரியர் பலர் கொண்ட முடிபு. அதன் மணி கோதுமையோடு கலந்து அரைபடின், உண்டார்க்குத் தலைச்சுற்றும் மயக்கமும் உண்டாகும். வெறிகொண்டது என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் அதற்குப் பெயரும் அமைந்தது. 1898-ஆம் ஆண்டில் அம்மணியின் தோலுக்கடியில் பூஞ்சண இழைகள் படர்ந்திருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர்; அம்மயக்கத்திற்கு அவ்விழைகளே காரணமென்று நெடுங்காலமாகக் கருதப்பட்டு வருகின்றது. அமெரிக்காவில் பெஸ்க்யூ என்னும் புல்லை மேய்ந்த கால்நடைகள் நலிவுற்றமைக்கும், அப்புல்லின் அகத்தே வாழும் இத்தகைய பூஞ்சணத்திற்கும் உள்ள தொடர்பு 1977-இல் வெளியாயிற்று. புல்லுக்கு நோயில்லை, புல்லைத் தின்ற பசுவுக்கே நோய். மேய்வாரை விலக்கும் காவலாளியைப் புல் தன்னகத்தே வைத்திருந்ததென்று கூறினும் பொருந்தும்.

புற்களில் வாழும் அவ்வகைப் பூஞ்சணம் விதைவழியே தாயினின்று சேய்க்குச் செல்வது. மரஞ்செடிகளின் இலையில் வாழ்வனவற்றின் வரலாறு வேறு. தளிர் பூஞ்சணமின்றியே பிறக்கின்றது. காற்றிலும் மழைத்துளியிலும் மிதந்துவரும் வித்துத்துகள்கள் அதன்மேல் விழுந்து, நீர்ப்பசை கிடைத்தவுடன் முளைத்து, தோலைத் துளைத்தோ மூச்சுத்துளை வழியாகவோ உட்புகுகின்றன. புகுந்தபின் இலையின் உயிரணுக்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் ஓரிரு இழைகளாக ஒடுங்கிக் கிடக்கின்றன. முற்றிய இலையில் ஒரு நெல்மணியளவு துண்டினுள் இரண்டு மூன்று வகைகள் இருத்தலும் உண்டு. இவற்றுட் சில, வேறிடத்தில் கொடிய நோய் விளைப்பனவற்றின் நெருங்கிய உறவினர். கரும்பில் செவ்வழுகல் நோயை உண்டாக்கி நம் உழவரை அழவைக்கும் கோலெட்டோட்ரைக்கம் என்னும் பூஞ்சண இனத்தார், காட்டு மரங்களின் இலைகளில் ஒரு தீங்கும் செய்யாது வாழ்கின்றனர். இவ்வினத்தில் நோய் விளைக்கும் ஒரு வகையின் ஒரேயொரு மரபுக்கூறு மாறியவுடன் அது சாந்தமான அகவாழ்நனாக மாறிவிட்டதை 1993-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞரிருவர் காட்டினர். பகைவனுக்கும் விருந்தினனுக்கும் இடையே உள்ள சுவர் அத்துணை மெல்லியது.

நிற்க. இவ்வுயிர்கள் மருந்து சமைப்பது ஏன்? நமக்காகவன்று என்பது தெளிவு. இலையென்பது இடுக்கமான வீடு, உணவோ அளவானது, புகவிரும்புவோரோ பலர். முன்னரே குடிபுகுந்த பூஞ்சணம், பின்வரும் பூஞ்சணத்தையும் பாக்டீரியாவையும் தடுத்தாலன்றித் தன் இடத்தைக் காத்துக்கொள்ள இயலாது. அதற்குக் கையும் வாளும் இன்மையின், ரசாயனப் பொருள்களைக் கசியவிட்டு எதிரியின் வளர்ச்சியை ஒடுக்குகின்றது. இங்ஙனம் தன் இடத்தைக் காக்க அது செய்யும் போர், வீட்டுக்குடையவனாகிய செடிக்கும் காவலாக முடிகின்றது. கோகோ மரத்தின் இலைகளில் சிலவற்றிற்கு அகவாழ் பூஞ்சணங்களை ஊட்டியும், சிலவற்றை ஊட்டாது விடுத்தும், இரண்டன்மீதும் பைட்டோப்தோரா என்னும் நோய்க்கிருமியைச் செலுத்திப் பார்த்தபோது, குடிவாழ்நர் இருந்த இலைகளில் சேதம் குறைந்திருந்தது. 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாராய்ச்சி இத்துறையில் பெரிதும் போற்றப்படுவது.

இனி இவற்றை வெளிக்கொணரும் முறையைச் சிறிது கூறுவேன். இஃது எளிதிற் செய்யத்தக்கதாயினும் மிக்க கவனத்தை வேண்டுவது. செழித்த இலையைப் பறித்து, ஓடும் நீரிற் கழுவி, சிறு சதுரத் துண்டுகளாக நறுக்கவேண்டும். அவற்றைச் சாராயநீரில் சில வினாடிகளும், துணிவெளுக்க உதவும் ஹைப்போகுளோரைட்டு நீரில் ஒன்றரை நிமிட அளவும் தோய்த்து, நுண்ணுயிர் நீங்கிய தூயநீரில் அலம்புவர். புறத்தே ஒட்டியவை அனைத்தும் மாளவேண்டும். அகத்தே உள்ளவை மாளலாகாது. நேரம் சற்று மிகின் இரண்டும் மாளும். குறையின் புறத்துள்ளவை அகத்துள்ளவைபோல் நடித்து ஏமாற்றும். ஆதலின் கழுவிய இலைத்துண்டைக் கூழின்மேல் ஒற்றியெடுத்து, அவ்வொற்றிய இடத்தில் யாதும் முளைக்கவில்லை என்பதைக் கண்டு உறுதிசெய்வர். கூழாவது, உருளைக்கிழங்குச் சாறும் சருக்கரையும் கடற்பாசியும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்தது. நோன்புக் காலத்தில் இனிப்பாகச் செய்துண்ணும் அதே கடற்பாசிதான் ஆராய்ச்சிச் சாலையிலும் பயன்படுகின்றது. பாக்டீரியா வளராதிருக்க அக்கூழில் சிறிது மருந்தும் கலப்பர். சில நாட்கள் முதல் மூன்று நான்கு வாரங்கட்குள், துண்டின் வெட்டுவாயினின்று வெண்மையும் சாம்பல் நிறமும் கருமையுமாகிய இழைகள் மெல்ல வெளிப்போதருகின்றன.

அங்ஙனம் வெளிவந்ததைத் தனியே வளர்த்து, அதன் சாற்றைப் பிரித்து, காகித வில்லையில் தோய்த்து, நோய்க்கிருமி பரப்பிய கூழின்மீது வைப்பர். சாற்றில் மருந்திருப்பின், வில்லையைச் சுற்றி வட்டமாகக் கிருமி வளராது தெளிந்து நிற்கும். அவ்வட்டத்தைக் காண்பதில் ஆராய்ச்சியாளர் கொள்ளும் மகிழ்ச்சி பெரிது. எனினும், வட்டத்தைக் கண்டதோடு நின்றுவிட்ட ஆராய்ச்சிகளே நம் நாட்டில் மிகப் பல என்று கூறாதிருத்தல் இயலவில்லை. கிருமியைக் கொல்வது மருந்தாவதற்கு முதற்படியே. அது மனிதனைக் கொல்லாதிருத்தல் வேண்டும். அகவாழ் பூஞ்சணங்கள் பலவற்றினின்று கிடைக்கும் சைட்டோகலாசின் என்னும் பொருட்கள் கிருமிகளை ஒடுக்குவன. ஆயின் விலங்கின் உயிரணுக்களையும் அவை விடுவதில்லை. ஆதலின் மருந்தாக வழங்க உதவவில்லை.

பூஞ்சணத்தினின்று மருந்து பிறத்தல் உலகுக்குப் புதியதன்று. 1928-ஆம் ஆண்டில் இலண்டனில் பிளெமிங் என்பார் பெனிசிலியம் என்னும் பூஞ்சணத்தைச் சுற்றிக் கிருமிகள் அழிந்திருப்பதைக் கண்டதும், 1940-இல் ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின் முதலியோர் அதன் மருந்தை எலிகளில் சோதித்து வென்றதும், மூவரும் 1945-இல் நோபெல் பரிசு பெற்றதும் பள்ளிப்பிள்ளைகளும் அறிந்தவை. 1939-இல் மற்றொரு பெனிசிலியத்தினின்று கிடைத்த கிரிசியோபுல்வின் என்னும் பொருள், இருபதாண்டு கழிந்து படர்தாமரைக்கு உட்கொள்ளும் மருந்தாயிற்று. அதே பொருளை ஊசியிலை மரமொன்றின் அகத்தே வாழ்ந்த சைலேரியா என்னும் பூஞ்சணமும் சமைப்பது 2005-இல் கொரிய நாட்டில் அறியப்பட்டது. மண்ணிலும் சோற்றிலும் தேடிய மருந்து இலையினுள்ளும் இருந்தது.

இலவங்கப்பட்டை மரத்தில் கிடைத்த ஒன்றன் வரலாறு இவற்றினும் சுவையுடையது. இலங்கையைத் தாயகமாகவுடைய அம்மரத்தை மத்திய அமெரிக்காவிலுள்ள ஹொண்டூராஸ் நாட்டிலும் வைத்து வளர்த்தனர். அங்குள்ள மரமொன்றின் கிளையினின்று அமெரிக்க அறிஞர் ஸ்ட்ரோபெல் என்பார் எடுத்த வெண்ணிறப் பூஞ்சணம், தன்னோடு ஒரே பெட்டியில் அடைபட்ட பிற பூஞ்சணங்களை வளரவொட்டாது செய்தது. தொட்டு அழிக்கவில்லை, ஆவியால் அழித்தது. வாழைப்பழ மணமுடைய ஒரு பொருளும் வேறு பலவும் கலந்த அவ்வாவி, பாக்டீரியாக்களையும் பூஞ்சணங்களையும் ஒருங்கே கொல்லவல்லது. தனித்தனியே பிரித்தால் அப்பொருள்கட்கு அவ்வாற்றல் இல்லை; கலவையாகவே கொல்கின்றன. மஸ்கோடார் ஆல்பஸ் என்று பெயரிடப்பெற்ற இது 2001-ஆம் ஆண்டில் நூல்களில் இடம்பெற்றது.

இவையெல்லாம் ஆராய்ச்சிச் சாலையின் வியப்புக்கள்தாமா, நோயாளியின் கைக்கு வந்த மருந்து யாதேனும் உண்டா என்று ஒருவர் வினவலாம். உண்டு. ஸ்பெயின் நாட்டில் ஜூனிப்பர் என்னும் மரத்தின் உயிருள்ள இலையினின்று பிரித்த ஹார்மோனிமா என்னும் அகவாழ் பூஞ்சணம், என்பியூமாபஞ்சின் என்னும் பொருளைச் சமைத்தது. பூஞ்சணத்தின் உயிரணுவைச் சூழ்ந்த சுவர் குளுக்கான் என்னும் பொருளாற் கட்டப்படுவது. அச்சுவரைக் கட்டும் கொற்றனாகிய நொதியை இப்பொருள் செயலிழக்கச் செய்கின்றது. சுவரின்றி அணு வெடித்தழிகின்றது. மனிதரின் அணுவுக்கு அத்தகைய சுவர் இன்மையின் நமக்கு அவ்வழியால் தீங்கில்லை. இதனை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதனை ரசாயன முறையிற் சிறிது மாற்றியமைத்த இப்ரெக்ஸாபஞ்சர்ப் என்னும் மருந்து, பெண்கட்கு நேரும் காண்டிடா என்னும் பூஞ்சண நோய்க்கென 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க அரசின் இசைவைப் பெற்றது. இலையினின்று மாத்திரையாவதற்கு இருபதாண்டிற்கு மேற்பட்டது என்க.

இத்துணைக் காலம் காத்திருந்து தேடவேண்டிய தேவை யாதெனின், கைவசமுள்ள மருந்துகள் ஒவ்வொன்றாக மழுங்கி வருவதேயாம். கிருமிகள் மருந்தை எதிர்த்து நிற்கும் ஆற்றல் பெற்றமையால் மட்டும் 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனரென்று கணக்கிட்டுள்ளனர். இது தொலைவிலுள்ளார்க்கு நேர்ந்த செய்தியன்று. இறுதிப் படைக்கலமாகக் கருதப்பட்ட கார்பபெனெம் மருந்துகளையே சிதைக்கவல்ல நொதியையுடைய பாக்டீரியாக்கள் பரவியிருப்பதை 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் சென்னையும் ஓரிடமாக இருந்தது. அதன் முதலாசிரியர் சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்தவர். 2012-இல் மருத்துவர்கள் கூடி வகுத்த திட்டம் சென்னைப் பிரகடனம் என்றே பெயர்பெற்றது. உயிர்போக்கும் நோயை விடுத்து, எளிய படர்தாமரையையே எடுத்துக்கொள்வோம். பத்தாண்டுகட்கு முன் சில வாரங்களில் தீர்ந்த அது, இன்று டெர்பினாபின் என்னும் மருந்துக்கு அடங்காத புதுவகைப் பூஞ்சணத்தால் மாதக்கணக்கில் நீடிக்கின்றது. அப்புதுவகைக்கு டிரைக்கோபைட்டன் இண்டோடினியே என்று பெயரிட்டதில் நம் நாட்டின் பெயரும் ஏறிவிட்டது. இப்பெருமை நமக்கு வேண்டுவதன்று.

ஆயின், இலைக்குள்ளே மருந்து இருக்கின்றதென்று தெரிந்த அளவில் கவலை தீர்ந்துவிடவில்லை. இத்துறையின் உண்மையான இடர்ப்பாடு இனித்தான் தொடங்குகின்றது. இலையினின்று பிரித்துக் கூழில் வளர்த்த பூஞ்சணம், முதல் சில தலைமுறைகளில் மருந்தைச் சமைத்துவிட்டுப் பின்னர் நின்றுவிடுகின்றது. புற்றுநோய் மருந்தாகிய கேம்ப்டோதெசினைச் சமைத்த பூஞ்சணங்களில் இது நன்கு ஆராயப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்டிஸ் என்னும் மரத்தினின்று பெங்களூர் அறிஞர்கள் எடுத்தவற்றிலும், சீன நாட்டு மரமொன்றினின்று ஜெர்மனியில் எடுத்ததிலும், மாற்றி மாற்றி வளர்க்குந்தோறும் மருந்தின் அளவு தேய்ந்தது. காரணம் தேடிய ஜெர்மானியர், அப்பூஞ்சணத்தில் மருந்துச் சமையலின் ஒரு படிக்கு வேண்டிய நொதி இல்லை என்றும், அதனை மரத்தினின்று கடன்பெற்றே சமைத்ததென்றும் 2011-இல் விளக்கினர். வீட்டை விட்டு வந்தவன் அவ்வீட்டு அடுப்பையும் உடன்கொண்டு வருதல் இயலாதன்றோ?

வேறு சிலவற்றில் வேண்டிய நொதிகள் அனைத்தும் பூஞ்சணத்திடமே உள்ளன. ஆயினும் அவை உறங்குகின்றன. தன் மரபில் பல மருந்துகட்குரிய கட்டளைகளைத் தாங்கிய பூஞ்சணம், கூழில் தனித்து வளருங்கால் அவற்றுட் சிலவற்றையே நிறைவேற்றுகின்றது. எதிரி இல்லாத இடத்தில் படைக்கலம் வடிப்பார் யார்? இதனைத் தேர்ந்த ஆராய்ச்சியாளர், தனித்து வளர்த்தலை விடுத்து எதிரியோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தனர். பியூசேரியம் டிரைசிங்க்டம் என்னும் அகவாழ் பூஞ்சணத்தை பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவோடு ஒரே கலத்தில் வளர்த்தபோது, அது சமைக்கும் சில பொருள்களின் அளவு 78 மடங்கு வரை பெருகியதாக 2013-இல் வெளியிட்டனர். தனித்திருந்தபோது காணப்படாத புதுப்பொருள்களும் தோன்றின. மருந்து பூஞ்சணத்தின் உடைமை மட்டுமன்று, பூஞ்சணமும் செடியும் பகைவரும் கூடியுள்ள நிலையின் விளைவு என்பது இதனால் புலனாகின்றது. தமிழ் மாணவர்கட்கு இது வியப்பன்று. உரிப்பொருளை அதற்குரிய நிலத்தினின்றும் பொழுதினின்றும் பிரித்தெடுத்துக் காட்டென்று யாரேனும் கேட்பின் நமக்கும் இதே இடர்ப்பாடுதான்.

எத்தனையோ வீண் ஆரவாரங்களும் இத்துறையில் எழுந்ததுண்டு. பசிபிக் யூ மரத்தினுள் வாழும் பூஞ்சணமொன்று டாக்சால் என்னும் புற்றுநோய் மருந்தைத் தானே சமைப்பதாக 1993-இல் வெளிவந்த செய்தி உலகைக் கவர்ந்தது. மரத்தை வெட்டாது கலத்தில் மருந்து வளர்க்கலாம் என்னும் நம்பிக்கையால் பல நாடுகளில் பல பூஞ்சணங்கள் ஆராயப்பட்டன. கலத்தில் வளர்த்த பூஞ்சணத்தில் டாக்சாலைச் சமைக்கும் மரபுக்கூறுகளைத் தாம் காணவில்லை என்று 2013-இல் ஜெர்மானியர் மறுத்தெழுதினர். வழக்கு இன்னும் முடியவில்லை. இதனிடையே, யூ மரத்தில் டாக்சால் செய்யும் தொழில் யாது என்பதைக் கனடா நாட்டினர் 2015-இல் காட்டியது என் கருத்தில் மிகச் சிறந்தது. பட்டையில் கிளை முளைக்குமிடத்தில் வெடிப்பு உண்டாகும். அவ்வழியே மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சணங்கள் நுழைய முயலும். அகவாழ் பூஞ்சணம் டாக்சாலைச் சிறுசிறு கொழுப்புத் துளிகளில் அடைத்து அவ்வெடிப்பில் கொணர்ந்து குவித்து வாயிலை அடைத்துவிடுகின்றது. நாம் புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து, மரத்தளவில் கதவிடுக்கில் பூசிய கிருமிகொல்லி.

இனி நம் நாட்டைக் காண்போம். தமிழ்நாட்டில் இத்துறையை வளர்த்தவர்களுள் முன்னிற்பவர், சென்னை இராமகிருஷ்ண மிஷன் வித்தியாபீடத்தைச் சார்ந்த விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சண ஆராய்ச்சி நிலையத்தின் டி. எஸ். சூரியநாராயணன் அவர்கள். பிச்சாவரத்துச் சதுப்புநிலச் சுரபுன்னை மரங்கள், முதுமலைக் காட்டு மரங்கள், நம் கடற்கரைப் பாசிகள் ஆகியவற்றின் அகவாழ் பூஞ்சணங்களை அவரும் அவர்தம் மாணவரும் ஆண்டாண்டாக ஆராய்ந்து பட்டியல் வகுத்துள்ளனர். மழை மிக்க காட்டைப் பார்க்கிலும் வறண்ட முட்காட்டில் இவற்றின் வகைகள் குறைவு என்பதும், அங்கே ஒரே வகை பல மரங்களில் பொதுவாகக் குடியிருக்கும் என்பதும் அவர்கள் கண்டவற்றுட் சில. ஆதலின் விராலிமலையைச் சுற்றியுள்ள புதர்க்காடு பனாமாக் காட்டை ஒக்குமென்று புகழ்தல் பொருந்தாது. ஆயினும் ஆண்டில் பெரும்பகுதி மழையின்றி, கொதிக்கும் பாறையருகே நிற்கும் இலையினுள் வாழக் கற்ற உயிர் எளியதன்று. அது சமைக்கும் பொருளும் மழைக்காட்டுப் பூஞ்சணம் சமைப்பதினின்று வேறுபடுதல் கூடும்.

புதுக்கோட்டைச் சீமையின் புதர்க்காடுகள் பல, காகிதக் கூழுக்கென நட்ட தைலமரத் தோப்புக்களாக மாறிய செய்தியை அம்மாவட்டத்து நண்பர்கள் நன்கு அறிவர். நிலத்தடி நீர் குறித்து உழவர் எழுப்பிய முறையீடு பலமுறை கேட்கப்பட்டது. விராலி, காரை, சூரை, ஆவாரை, குரா என்று பல்வகைச் செடிகள் நின்ற இடத்தில் ஒரேவகை மரம் வரிசையாக நிற்குமாயின், ஒழிந்தது அச்செடிகள் மட்டுமன்று. ஒவ்வொன்றன் இலையகத்தும் அவ்வச் செடியோடும் அவ்வப் பகைவரோடும் பழகி வாழ்ந்த குடிகளும் உடன் ஒழிந்தன. பூஞ்சணத்தைக் குப்பியில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டால் போதாதா என்பார்க்கு, வீட்டை விட்டு வந்தது மருந்து சமைக்க மறந்துவிடுகின்றதென்று மேலே கூறியதே விடை.

விராலியின் முதிர்ந்த இலை கோடையில் பழுத்து உதிர்கின்றது. இலை உயிரோடிருந்தவரை ஒடுங்கிக் கிடந்த பூஞ்சணத்திற்கு அதுவே பெருவாழ்வு தொடங்கும் வேளை. வெளியார் வருமுன் உள்ளிருந்தே சருகைத் தின்னத் தொடங்கி, தன் இழையை எங்கும் பரப்பி, கரும்புள்ளிகள் போன்ற சிறு கூடுகளில் வித்துத்துகள்களை நிறைக்கின்றது. கோடையில் காட்டுத்தீ பரவுவதும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளின் சருகினின்று எடுத்த பூஞ்சணங்கள் சிலவற்றின் துகள்கள், உலர்ந்த நிலையில் 100 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தை 2 மணி நேரம் தாங்கிப் பின்னரும் முளைத்ததை மேற்கூறிய சென்னை அறிஞர் குழுவினர் 2011-இல் வெளியிட்டு, அவற்றை அக்கினியின் பூஞ்சணங்கள் என்று அழைத்தனர். இங்ஙனம் வெயிலையும் நெருப்பையும் கடந்து கிடக்கும் துகள்கள், ஐப்பசி மழையின் முதற்றுளி சருகின்மேல் தெறிக்குங்கால் எழும்பி, அருகில் அப்போது விரியும் பிசுபிசுத்த புதுத்தளிரில் சென்று ஒட்டிக்கொள்கின்றன.